கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்கத் தெரியாத கவுன்சிலராக இருந்தேன்

எங்கள் ஊர் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் தமிழ், ஆபீஸ் கடுதாசி மட்டும் மலையாளம். சித்தூர் தாலுக்கா தென்னந்தோப்புக் கள்ளு விடிகாலையில் வண்டியேறிக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகும். கிழக்கே பஸ் ஏறி வேலந்தாவளம் தாண்டினால் டாஸ்மாக். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கேரளத்தில் மதுக்கடைக்கு லீவு; அன்றைக்கு எங்கள் ரோட்டில் எல்லைப் பக்கம் போகிற பைக் கூட்டம் அதிகமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் பல வருஷம் என் அப்பாவும் இருந்தார். 2019இல் வயிறு பானை மாதிரி வீங்கி, கண் மஞ்சளாகி, 56 வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன் அவரை மூன்று இடத்தில் சேர்த்துப் பார்த்தோம். மூன்று இடத்திலும் பணம் வாங்கினார்கள், கதவைப் பூட்டினார்கள். என் அம்மாவை உட்காரவைத்து, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஆளாக நான் ஆக வேண்டும் என்ற ஆசையில்தான் போதை மீட்புக் கவுன்சிலிங் படிக்கப் புறப்பட்டேன். அந்த ஆசை எனக்கு எவ்வளவு செலவு வைத்தது, ஒரு மனிதரைச் சாவுக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். போன மாதம் மீனாட்சிபுரத்திலிருந்து தெரிந்த பெண் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, ஆறு மாச டிப்ளமாவாம், வேலை நிச்சயமாம், நாளைக்கு அட்வான்ஸ் கட்டப் போறேன்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் கட்டியபோது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

2022 ஜூனில் பஸ் ஸ்டாண்டு சுவரில் போதை மீட்புக் கவுன்சிலிங்குக்கு ஆறு மாத டிப்ளமா என்று ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். பி.காம். முடித்துப் பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மாதம் 9,000 ரூபாய். நோட்டீஸில் "அரசுப் பதிவு பெற்றது", "சர்வதேச அங்கீகாரம்", "100% வேலை" என்று மூன்று வரி. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வகுப்பு சனி, ஞாயிறு மட்டும். கட்டணம் 48,000, மூன்று தவணை. அம்மாவின் சங்கிலி ரெண்டு பவுனைக் கூட்டுறவு பாங்கில் வைத்து 50,000 வாங்கினேன். சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்போது அம்மா, "உங்கப்பன் குடிச்சு அழிச்சது போக மிச்சம் இது ஒண்ணுதான் கண்ணு, பார்த்துக்க" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக ஏறியது. தேர்வுக் கட்டணம் 4,500. "இன்டர்ன்ஷிப் ஏற்பாடு" என்று 6,000. பட்டமளிப்பு விழா, கவுன் வாடகை, போட்டோ என்று 3,000. ஆக 61,500. பஸ்ஸுக்கும் டீக்கும் நாளைக்கு 120 வீதம் 24 வாரம், வாரத்துக்கு ரெண்டு நாள், அது 5,760. பாங்கு வட்டி இதுவரை 7,500. இன்டர்ன்ஷிப்புக்காக ஜவுளிக்கடை வேலையை விட்டதில் மூன்று மாதச் சம்பளம் 27,000 போச்சு. கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. எங்கள் வீட்டுக்கு அது பெரிய பணம். அதைவிட, தப்பான பாடத்தை ஒன்பது மாதம் படித்தேன் என்பதும், அதை மறக்க இன்னும் அதிகக் காலம் பிடித்தது என்பதும்தான் எனக்கு வலி.

வகுப்பில் என்ன நடந்தது என்றால், ஒருவர் வந்து புத்தகத்தை வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். மனோதைரியம், நல்ல பழக்கம், நேர்மறைச் சிந்தனை. குடி ஒரு மனபலவீனம் என்றார். யோகா செய்தால் போகும் என்றார். ஆறு மாதத்தில் குடிக்கிற ஒரு மனிதரையோ, குடியை நிறுத்திய ஒருவரையோ, ஒரு டாக்டரையோ எங்கள் கண்ணில் காட்டவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. படிப்பு என்றாலே ஒருவர் சொல்லி நாம் எழுதுவது என்றுதானே பழகியிருக்கிறோம்.

2023 ஜனவரியில் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு தனியார் இல்லத்தில் போட்டார்கள். அதன் பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். இருபது கட்டில், ஒரு வார்டன், சமையலுக்கு ஒரு அம்மா. டாக்டர் வாரம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். என்னை இரண்டாம் நாளே "கவுன்சிலர் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், கேட்க நன்றாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை 44 வயது மனிதர் ஒருவரை மச்சினன்மார் கொண்டுவந்து சேர்த்தார்கள். கொத்து வேலை. பாரத்தில் பெயர், வயது, முகவரி, கட்டணம் கட்டியவர் யார் என்று எழுதிக்கொண்டேன். பாரத்தில் இருந்தது அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் பார்க்கும்போது அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, டம்ளரைப் பிடித்த கை தண்ணீரைச் சட்டையில் சிந்துகிற அளவுக்கு நடுங்கியது. "மனசை உறுதியா வெச்சுக்குங்கண்ணா, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். அன்று ராத்திரி அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. வார்டன் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, விட்டுவிட்டார். புதன்கிழமை காலையில் நான் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, பெட்ஷீட்டிலிருந்து எதையோ இரண்டு விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. "எறும்பு பாப்பா, உம்மேல ஏறுது, தள்ளி நில்லு" என்று என் கையையும் தட்டிவிட்டார். என்னைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வார்டன், "நடிக்கிறான் மேடம், வீட்டுக்குப் போறதுக்கு வேலை இது" என்றார். நான் ஐந்து நிமிஷம் அதை நம்பினேன். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது. பிறகு உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகக் கொதித்தது. வார்டனிடம் சண்டை போட்டு 108க்குப் போன் செய்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ குடிச்சார்?" எனக்குத் தெரியவில்லை. "தினம் எவ்வளவு குடிப்பார்? முன்னாடி வலிப்பு வந்திருக்கா? சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" ஒன்றுக்கும் பதில் இல்லை. என் கழுத்தில் "கவுன்சிலர்" என்று அட்டை தொங்கியது. அதை அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மனிதர் பிழைத்தார். ஆறு நாள் அங்கே இருந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது அதே டாக்டர் வெளி வராந்தாவில் நின்று பத்து நிமிஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பத்து நிமிஷம் என் ஆறு மாத டிப்ளமாவைவிடப் பெரிது.

அவர் சொன்னதை, பிறகு முறையாகப் படித்ததோடு சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் குடிக்கிறவர் இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் அரை நாளிலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். கடைசிக் குடியிலிருந்து 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, உடம்பில் ஏதோ ஊர்வது, காய்ச்சல் என்று முற்றலாம். இதற்கு டெலீரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். மருத்துவம் இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். சாப்பாடு இல்லாமல் குடித்தவருக்கு வைட்டமின் பி1, அதாவது தயமின், குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கும் ஆபத்து உண்டு. மாத்திரை, ஊசி எல்லாம் டாக்டர் வேலை. ஆனால் "கடைசியாக எப்போது, எவ்வளவு, எத்தனை வருஷம், வலிப்பு வந்ததா" என்று கேட்டு எழுதி, நேரத்தைக் கணக்குப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது கவுன்சிலர் வேலை. அதை எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. மனோதைரியத்துக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த இல்லத்தில் இன்னொன்றும் பார்த்தேன். ஒருவரை லுங்கியைக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டிப் போட்டிருந்தார்கள். இங்கே இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோனேன். 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறும் அடங்கும், இப்படிப்பட்ட இல்லங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும், சங்கிலி போட்டுக் கட்டுவது எந்த விதத்திலும் கூடாது, உடம்பைக் கட்டுப்படுத்துவதென்றால் அதற்கு மனநல மருத்துவர் பொறுப்பில் நெறிமுறை இருக்கிறது என்பதெல்லாம் ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் புகார் கொடுக்காமல் வேலையை விட்டு வந்துவிட்டேன். அது என் மேல் உள்ள குறை. நீங்கள் பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஆஸ்பத்திரியோடு தொடர்பு இருக்கிறதா, பதிவு இருக்கிறதா, பூட்டும் கட்டும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். தொடர்பும் பதிவும் இல்லையென்றாலோ, பூட்டும் கட்டும் இருந்தாலோ அங்கே நிற்காதீர்கள்.

சான்றிதழ் மார்ச்சில் வந்தது, தங்க எழுத்தில். ஜூலையில் பாலக்காட்டுப் பக்கம் மத்திய அரசு மானியத்தில் நடக்கிற ஒரு மையத்துக்குக் கவுன்சிலர் வேலைக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த சேச்சி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மோளே, இது எந்த யூனிவர்சிட்டி?" என்றார். அரசுப் பதிவு பெற்றது என்றேன். அவர் கோபப்படவில்லை. பேப்பரில் இருந்த ஒவ்வொரு முத்திரையாகக் காட்டி விளக்கினார். ஒன்று டிரஸ்ட் பதிவு எண். டிரஸ்ட் யார் வேண்டுமானாலும் பதியலாம். ஒன்று சிறுதொழில் நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு. மாவு மில்லுக்கும் அதுதான். ஒன்று தொண்டு நிறுவனங்கள் இணையத்தில் பதிந்து வாங்கும் தர்ப்பண் எண். ஒன்று ஐ.எஸ்.ஓ. தரச் சான்று. நாலும் உண்மையான முத்திரைகள்தான், ஆனால் நாலில் ஒன்றுகூட "இந்தப் படிப்பு செல்லும்" என்று சொல்வதில்லை. பி.ஏ., எம்.ஏ. போன்ற பட்டம் கொடுக்க 1956ஆம் வருஷ யு.ஜி.சி. சட்டப்படி பல்கலைக்கழகம் போன்ற, சட்டம் அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்குத்தான் உரிமை. டிப்ளமா என்று பெயர் வைத்துக்கொண்டால் அந்தத் தடை இல்லை. அதனால்தான் ஊரெல்லாம் டிப்ளமா. "இந்தக் கடலாஸை வெச்சு எனக்கு ஒண்ணும் செய்யான் பற்றில்லா, கேட்டோ" என்றார். இந்தக் காகிதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தம். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். அம்மாவிடம் மூன்று நாள் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனேன். அலுவலகம் வேறு தெருவுக்கு மாறியிருந்தது. நான் கட்டியதில் பாதிக்கு மேல் ஒரு தனி ஆளின் நம்பருக்கு கூகுள் பேயில் போனது. ரசீது கேட்டபோதெல்லாம் "சர்ட்டிபிகேட்டோட சேர்த்துத் தர்றோம்" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பது எனக்குத் தெரிய வந்தபோது அந்த இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. யாராவது இதே நிலையில் இருந்தால் இன்றைக்கே நோட்டீஸ், வாட்ஸாப் பேச்சு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். ரசீது இல்லாமல் அடுத்த தவணை கட்டாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

அந்தச் சேச்சி ஒரு வாரம் கழித்துத் தானாகப் போன் செய்தார். கவுன்சிலராக எடுக்க முடியாது, ஆனால் மையத்தில் கணக்கு எழுத ஆள் வேண்டும், பி.காம். இருக்கிறதல்லவா, வருகிறாயா என்றார். மாதம் 11,000. என் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியம் அது. காலையில் கணக்கு, மதியத்துக்கு மேல் குழுக் கூட்டத்தில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேட்கலாம் என்று அனுமதித்தார். முதல் நான்கு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. சரியான பயிற்சி எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தத் துறையில் உருப்படியான வழிகள் என்னென்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் நேரில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதலில் ஒரு பட்டம் வேண்டும். சமூகப்பணி, உளவியல், சமூகவியல் என்றால் நல்லது. என்னைப் போல வேறு பட்டம் இருந்தால் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, சேரலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் அஞ்சல் வழியில் எந்தப் பட்டதாரியும் சேரலாம், களப்பணி கட்டாயம். நான் அதில்தான் இருக்கிறேன். போதை மீட்புக்கென்று தனிப் பயிற்சி தருவதில் டில்லியில் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் டிஃபென்ஸ் முக்கியமானது. ஆனால் அவர்கள் பயிற்சிக்குப் பெரும்பாலும் மையங்களில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களைத்தான் அழைப்பார்கள். அதனால்தான், கணக்கு எழுதியாவது உள்ளே நுழைந்துவிடுங்கள் என்கிறேன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிற இடம். பெங்களூரில் மனநலத்துக்கான மத்திய அரசு ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் உண்டு. அவர்களுடைய வெர்ச்சுவல் நாலெட்ஜ் நெட்வொர்க்கில் வீட்டிலிருந்தே வீடியோவில் சேர்ந்து, நாம் பார்க்கிற நோயாளியின் விவரத்தைப் பெயர் சொல்லாமல் முன்வைத்து, டாக்டர்களிடம் திருத்திக்கொள்ளலாம். பல நாட்டு அரசுகள் சேர்ந்த கொழும்பு பிளான் அமைப்பின் யூனிவர்சல் ட்ரீட்மென்ட் கரிக்குலம் என்று போதை சிகிச்சைக்கான ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. அதன் அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள்: போதைப்பொருள் உடம்பில் வேலை செய்யும் விதம், சிகிச்சையின் படிகள், கூடவே வரும் மனநோய் உடல்நோய்கள், கவுன்சிலிங் அடிப்படை, சேர்க்கையும் மதிப்பீடும், ஒருவரைத் தொடர்ந்து கவனிக்கும் முறை, நெருக்கடி நேரம், தொழில் ஒழுக்கம். எந்த இடத்திலும் சேரும் முன் அவர்கள் பாடத்திட்டத்தை வாங்கி இந்த எட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் டிப்ளமாவில் இந்த எட்டில் ஒன்றின் பாதிதான் இருந்தது. "சர்வதேச" என்று யாராவது சொன்னால் எந்த அமைப்பு, பயிற்சியாளர் பெயர் அந்த அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். மறுவாழ்வுப் படிப்புகளுக்கான மத்திய அரசு மன்றமான ஆர்.சி.ஐ.யின் பதிவு என்றால் எந்தப் பிரிவில் என்று கேட்டு, ஆர்.சி.ஐ. இணையதளத்தில் படிப்பின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். இதையெல்லாம் கேட்டால் கோபப்படுகிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் நான் முதலாவதாகக் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. "எத்தனை மணி நேரம் நோயாளி பக்கத்தில் உட்காருவேன், அப்போது என் பக்கத்தில் யார் இருப்பார்?" இதற்குப் பதில் இல்லையென்றால் எந்த முத்திரை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

2024இல் மையத்தின் மூலமாக ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருவர் குடிக்கிறவராகவும் இன்னொருவர் கவுன்சிலராகவும் பேசச் சொன்னார்கள். நான் கவுன்சிலர். இரண்டு நிமிஷத்தில் எதிரில் இருந்தவருக்கு ஏழு அறிவுரை சொல்லியிருந்தேன். பயிற்சியாளர் பேப்பரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இவர் சொன்னதில் ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. மில்லர், ரோல்னிக் என்ற இருவர் உருவாக்கிய ஊக்க நேர்காணல் முறையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். குடியை விடுவதற்கான காரணத்தை நாம் சொன்னால் எதிராளி விடாமல் இருப்பதற்கான காரணத்தைத் தேடுவார். அவர் வாயாலேயே அது வரட்டும், நீ கேள், கேட்டதைத் திருப்பிச் சொல் என்பது அதன் சாரம். "ஏங்ணா குடிக்கறீங்க" என்று கேட்டால் தலை குனியும். "குடிக்காம இருந்த அந்த மூணு மாசம் எப்படி இருந்துச்சுங்ணா" என்று கேட்டால் முகம் நிமிரும். இதை எனக்குப் புத்தகம் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இருபது தடவை தப்பாகப் பேசி, பக்கத்தில் ஒருவர் திருத்தினால்தான் வரும்.

ஒருவரின் குடிப்பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்கிற, உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாளையும் அங்கேதான் சரியாகப் படித்தேன். பத்துக் கேள்வி, 40 மதிப்பெண். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிக்கு அடிமையாகியிருக்கலாம் என்று முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் "எத்தனை டிரிங்க்" என்று வரும். நம் ஊர் ஆட்கள் டிரிங்க் கணக்கில் குடிப்பதில்லை, குவார்ட்டர் கணக்கில்தான். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால்; ஒரு டிரிங்க் 10 கிராம் என்று வைத்தால் ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். "ஒரே ஒரு குவார்ட்டர்தாங்க" என்று சொல்கிறவர் ஆறு என்கிறார். கள்ளுக்கு இப்படிக் கணக்குப் போடுவது கஷ்டம். இறக்கின நேரத்திலிருந்து மணிக்கு மணி புளித்து ஏறிக்கொண்டே போகும். காலையில் குடித்ததா, சாயங்காலம் குடித்ததா என்று கேட்க வேண்டும். இதெல்லாம் உள்ளூர்க்காரர்தான் கேட்க முடியும்.

எல்லைக்காரர்களுக்கு மொழி விஷயமும் ஒன்று உண்டு. எங்கள் மையத்தில் பாரமெல்லாம் மலையாளம், பேச வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ். அழுகையும் கோபமும் தமிழில்தான் வரும். நான் மலையாளத்தில் எழுதும்போது "கிறுகிறுன்னு வருது" என்பதைத் தலைசுற்றல் என்று எழுதி, ஒருமுறை தப்பாகிப்போனது. அவர் சொன்னது பயத்தை. இப்போது அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, அடியில் அர்த்தம் எழுதுகிறேன். சின்ன ஊர் என்பதால் ரகசியமும் கஷ்டம். ரேஷன் கடையில் ஒரு அத்தை, "எங்க மருமகன் உங்க பக்கம் வர்றானாமே அம்மிணி, எப்படி இருக்கான்?" என்றார். பாசமாகத்தான் கேட்டார். "அப்படி யாரு வர்றாங்க, வரலைன்னு வெளிய சொல்லக்கூடாதுங்க அத்தை" என்றேன். அவர் முகம் சுருங்கியது, இரண்டு மாதம் பேசவில்லை. நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது என்று அதே 2017 சட்டமும் சொல்கிறது. ஆனால் சட்டத்தைச் சொல்லி அத்தையிடம் தப்பிக்க முடியாது. அந்த மனஸ்தாபத்தைத் தாங்கப் பழக வேண்டும்.

இன்னொன்று, எழுதவே தயக்கமாக இருக்கிறது. பயிற்சியின் நான்காம் நாள், "உங்க வீட்ல யார் குடிச்சாங்க?" என்று பயிற்சியாளர் கேட்டார். முப்பது பேரில் பாதிக்கு மேல் கை தூக்கினோம். நான் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியவில்லை. குடித்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த வேலைக்கு நிறைய வருகிறோம், ஒவ்வொரு நோயாளியிலும் நம் ஆளைத் தேடுகிறோம், அவர் மறுபடி குடித்தால் நம்மையே ஏமாற்றிவிட்டதாக உடைகிறோம். அந்த வருஷம் ஓணத்துக்கு முதல் நாள், எட்டு மாதம் குடிக்காமல் இருந்த ஒருவர் தள்ளாடி வந்தபோது நான் அவரைத் திட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் சேச்சி என்னைக் கூப்பிட்டு, "நீ திட்டியது அவனையா, உன் அச்சனையா?" என்று கேட்டார். வாரம் ஒருமுறை மேலே இருக்கிறவரிடம் உட்கார்ந்து நம் மனசைக் கொட்டுகிற நேரம் வேண்டும். அது தராத இடத்தில் நல்ல கவுன்சிலர்கூட இரண்டு வருஷத்தில் கருகிப்போவார். அம்மாவையும் இப்போது குடும்பத்தார் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். முதல் மூன்று வாரம் பேசவில்லை. நாலாம் வாரம் பேசினாள்.

மீனாட்சிபுரத்துப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். அட்வான்ஸ் கட்டவில்லை. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் எங்கள் மையத்துக்கு வந்து ஓரத்தில் உட்காரட்டும் என்று சேச்சியிடம் கேட்டிருக்கிறேன். அவளைப் போல ஆர்வம் இருக்கிறவர்கள் முதலில் பக்கத்தில் இருக்கிற அரசு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். கேரளத்தில் கலால் துறையின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் எண் 14405, போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446, மன உளைச்சலுக்கு டெலிமானஸ் 14416. வீட்டில் யாருக்காவது குடியை நிறுத்திய பிறகு வலிப்போ பிதற்றலோ வந்தால் இந்த எண்கள் எதுவும் வேண்டாம், நேராக 108.

அந்தக் கொத்தனார் அண்ணனை இந்த வருஷம் ஒருமுறை கோவில் திருவிழாவில் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெண்குழந்தை, பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ராட்டினத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் அவர் கையைத்தான் பார்த்தேன்.